ஒட்டவைத்த மண்பிள்ளை

வடிவேலு மச்சான் ஆள்காட்டி விரலை மடக்கினார். மடக்கிய விரல் என் கையிலிருந்த மண்பிள்ளையின் வயிற்றை நோக்கி வந்தது. எனக்கு முதுகில் வேர்த்துக் கொட்டியது. கூரை இல்லாத கோயில், உச்சி வெயில், அதனால் வேர்க்கிறது என்று சொல்லித் தப்பித்துவிடலாம். விரலைத் தடுப்பதற்கு என்ன சொல்வது?

“கொஞ்சம் இருங்க மச்சான்” என்றேன்.

“இன்னா மாப்ள?”

“தண்ணி குடிச்சிக்கிறேன்.”

காலையிலிருந்து நான் குடித்த நாலாவது சொம்புத் தண்ணீர் அது. பக்கத்தில் எட்டு மாத வயிற்றோடு என் மனைவி ரேவதி நின்றிருந்தாள். வழக்கமாக இந்நேரம் “இன்னாங்க இது, பாலைவனத்துலயா இருக்கோம்?” என்று கேட்டிருப்பாள். அன்று ஒன்றும் கேட்கவில்லை. அதை நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, நல்லவேளை என்று நினைத்துக்கொண்டேன். என்னைப் போல ஒரு மடையன் இந்த மாவட்டத்திலேயே இருக்க முடியாது.

சென்ற வாரம் இந்தப் பத்தியில், கம்பெனி கேன்டீனில் நடந்த சாம்பார்ச் சண்டையை எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: “எப்பவும் சிரிக்கச் சிரிக்க எழுதுறியே, உன் வாழ்க்கையில பயமே வந்ததில்லையா?” பயம்தான் ஐயா என் முழுநேரத் தொழில். ஷூ வேலை பகுதிநேரம்.

மறைப்பதற்குச் சம்பளம்

ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பதினைந்து வருஷமாக ரிப்பேர் டேபிளில் உட்கார்ந்திருக்கிறேன். ரிப்பேர் என்றதும் தெருமுனையில் அறுந்த வாரைத் தைப்பது என்று நினைத்துவிடாதீர்கள். எங்களிடம் வருவதெல்லாம் புத்தம் புது ஷூ. தைக்கும்போது ஊசி தவறியிருக்கும், தோலில் நகம் கீறியிருக்கும், ஓரத்தில் பசை வழிந்திருக்கும். அது தெரியாதபடி செய்வது என் வேலை.

கீறலில் மெழுகை உருக்கி விட்டு, அதே நிறத்தில் கலர் கலந்து தொட்டு, துணியால் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வரும் இன்ஸ்பெக்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தாலும் கண்டுபிடிக்க மாட்டார். நான் செய்து திரும்பி வந்த ஜோடி என்று ஒன்றுகூட இல்லை என்ற கர்வம் எனக்கு உண்டு.

இந்தத் தொழில் புத்தி வீட்டுக்கும் வந்துவிடும். சுவரில் விரிசல் என்றால் காலண்டரை மாட்டுவேன். எனக்குக் காய்ச்சல் என்றால் “வெயில்ல நின்னேன்” என்பேன். மறைப்பதில் ரேவதியும் லேசுப்பட்டவள் அல்ல. கல்யாணத்துக்கு முன் அவளும் தையல் செக்ஷனில் இருந்தவள்தான்.

எங்களுக்கு முதல் பிள்ளை ஐந்தாம் மாதம் தங்கவில்லை. இரண்டாவது ஏழாம் மாதம். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

ரேவதிக்கு மாதனூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அவர்கள் வம்சத்தில் ஒரு வழக்கம். வயிற்றுப்பிள்ளைக்காரி ஏழு மாதத்துக்கு மேல் கோயிலுக்குப் போகக்கூடாது என்று ஊர் உலகம் சொல்லும். இவர்களுக்கு அது தலைகீழ். எட்டாம் மாதம் முடிவதற்குள் வயிற்றோடு போய், கன்னிமார் கோயிலில் ஒரு மண்பிள்ளையை வைத்துவிட்டு வரவேண்டும். சுட்ட மண்ணில் செய்த, ஒரு முழ நீளமுள்ள, கை கால் நீட்டிப் படுத்திருக்கும் பிள்ளை. நிஜப் பிள்ளைக்கு வருகிற கண்டமெல்லாம் மண்பிள்ளையோடு போய்விடும் என்பது கணக்கு.

இரண்டாவது பிள்ளை வயிற்றிலிருந்தபோது ரேவதி கேட்டாள். “எந்தக் காலத்துல இருக்க நீ? புதர்க்காட்டுக்குள்ள உன்ன இட்டுனு போய் எங்கனா வழுக்கி உழுந்தா?” என்று தட்டிக்கழித்துவிட்டேன். அடுத்த மாதமே அந்தப் பிள்ளை போய்விட்டது. அதற்காக அவள் என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆகவே மூன்றாவது தரம் அவள் வாயைத் திறக்கும் முன்பே நானே போய் மண்பிள்ளை செய்யச் சொல்லிவிட்டு வந்தேன்.

லாங் பஜாரில் ஒரு கைவண்டி

வேலூர் லாங் பஜாரில் ஒரு பானைக் கடை. கடைக்காரர் குடியாத்தம் பக்கத்திலிருந்து செய்து வரவழைத்திருந்தார். வைக்கோலில் சுற்றிக் கொடுத்தார். பிரித்துப் பார்த்தேன். மொழுமொழுவென்று இருந்தது. மூக்கைக் கிள்ளி வைத்ததுபோல் ஒரு சின்ன மூக்கு. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோபோல் ஆகி, சட்டென்று மூடிவிட்டேன்.

பையை வண்டியின் முன்கொக்கியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். பஜாரின் நெரிசல் உங்களுக்குத் தெரியும். எதிரே வெங்காய மூட்டைகளோடு ஒரு கைவண்டி. ஒதுங்கினேன். அவரும் அதே பக்கம் ஒதுங்கினார். கைவண்டியின் கட்டை பையில் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை.

கோட்டை மதில் ஓரமாக நிறுத்திப் பிரித்துப் பார்த்தேன். மார்புக்குக் கீழே குறுக்காக இரண்டு துண்டு.

திரும்பக் கடைக்கு ஓடினேன். “புதுசு செஞ்சு, காயவெச்சி, சுட்டு வர்றதுக்குப் பத்து பன்னெண்டு நாள் ஆவும் சார்” என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. கோயிலுக்கு வெள்ளிக்கிழமை நாள் குறித்திருந்தது. அதை விட்டால் ஒன்பதாம் மாதம் பிறந்துவிடும்.

வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்குப் போய், “ரேவதி, உடைஞ்சுபோச்சு, என்ன பண்ணலாம்?” என்று கேட்டிருப்பார்கள். இரண்டு பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம், மூன்றாவதுக்கு வாங்கிய மண்பிள்ளை வயிற்றில் பிளந்துவிட்டது என்று எந்த வாயால் சொல்வது? பொம்மை இன்னும் வந்து சேரவில்லை என்று சொன்னேன். மறுநாள் இரண்டு துண்டையும் டிபன் பைக்குள் வைத்துக் கம்பெனிக்கு எடுத்துப் போனேன்.

சாப்பாட்டு மணி அடித்ததும் டேபிளில் துணி விரித்தேன். ஷூவுக்கு அடிப்பாகம் ஒட்டும் சொல்யூஷனை இரண்டு பக்கமும் தடவி, உலரவிட்டு, அழுத்தினேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. செங்கல் தூளை மெழுகில் குழைத்து இடுக்கில் நிரப்பி, கலர் தொட்டு, தேய்த்தேன்.

பக்கத்து டேபிள் முனீர் பாய் சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். “யப்பா! எங்க ஒடஞ்சதுன்னே தெர்லியே தோஸ்த்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

“வீட்ல சொல்லிட்டியா?” என்றார்.

“எதுக்கு பாய்? பேஜாராயிடும்.”

அவர் தன் டேபிளுக்குப் போய்விட்டார்.

“தட்டிப் பார்த்துதான் வாங்குவாரு”

புதன்கிழமை சாயந்திரமே, பொம்மை வந்துவிட்டது என்று ரேவதியிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை ஆட்டோவில் கிளம்பினோம். பாலாற்றுப் பாலத்தின் மேல் போகும்போது, மடியில் மண்பிள்ளையை வைத்திருந்த ரேவதி சொன்னாள்: “வடிவேலு அண்ணா தட்டிப் பார்த்துதான் வாங்குவாரு. கணீர்னு கேட்டாதான் கன்னிமாருக்கு வைப்பாங்க.”

பானை வாங்கப் போனால் நாமும் தட்டித்தானே பார்க்கிறோம்? அது இருபத்துநாலு மணி நேரம் என் கையிலேயே இருந்தது, ஒரு தடவை தட்டிப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வேலை முழுக்கக் கண்ணுக்கு. ஷூவைத் தட்டிப் பார்த்து யாரும் வாங்குவதில்லை.

“கணீர்னு கேக்கலன்னா?” என்றேன், சும்மா கேட்பதுபோல.

“வைக்க மாட்டாங்க” என்றாள். ஆற்று மணலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

ஆட்டோவை நிறுத்திச் சொல்லிவிடலாமா என்று நாலு தடவை நினைத்தேன். நாலு தடவையும் அவள் முகத்தைப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. இந்த நிலையில் சொல்லக்கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

கோயில் என்று அதைச் சொல்வதற்கு நம்பிக்கை வேண்டும். ஊரைத் தாண்டிச் சீமைக்கருவேலங் காட்டுக்குள் ஒற்றையடிப் பாதை. முடிவில் இடுப்புயரச் செங்கல் சுவர். சுவரின் பூச்செல்லாம் உதிர்ந்து செங்கல் சிவப்பாகத் துருத்திக்கொண்டிருந்தது. வாசலில் ஆள் உயரத்துக்குச் சுடுமண் குதிரைகள் இரண்டு. ஒன்றுக்குத் தலை இல்லை. இன்னொன்றின் வாய்க்குள் குளவி கூடு கட்டியிருந்தது. உள்ளே சுடுமண்ணில் கன்னிமார் ஏழு பேர் வரிசையாக இருந்தார்களாம். நான் பார்த்தபோது ஐந்து பேர். இரண்டு பீடத்தில் வெறும் பாதங்கள் மட்டும் மிச்சம். மற்ற ஐந்து பேருக்கும் மழை முகத்தை வழித்துவிட்டிருந்தது. கண் மட்டும் யாரோ புதிதாக மையால் எழுதியிருந்தார்கள்.

ஊரில் முக்கால்வாசிப் பேர் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். ஞாயிற்றுக்கிழமை தூங்கவே நேரம் போதவில்லை, கோயிலை யார் பார்ப்பது? வடிவேலு மச்சானும் முழுநேரப் பூசாரி இல்லை. ரேவதிக்குப் பங்காளி முறையில் அண்ணன். கம்பெனி பஸ் ஓட்டுகிறார். காலையில் ஆட்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு, மத்தியான ஷிஃப்டுக்குக் கிளம்பும்வரை பஸ்ஸை ஊர்ப் புளியமரத்தடியில் நிறுத்திவைப்பார். அந்த இடைவெளியில் யாராவது கூப்பிட்டால் காக்கிச் சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து நிற்பார். அவர் அப்பாவுக்குப் பிறகு வேறு யாரும் முன்வரவில்லை, அவ்வளவுதான்.

கோயிலின் பின்பக்கம் போனேன். போயிருக்கக்கூடாது. பனைமரத்தடியில் பழைய மண்பிள்ளைகள் குவியலாகக் கிடந்தன. எத்தனை தலைமுறையோ! கை தனி, கால் தனி, பாதி முகம், வெறும் வயிறு. சிலது கரைந்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தகப்பன் பார்க்கிற காட்சியா அது? முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“வெக்கும்போது முழுசா இருக்கணும் மாப்ள” என்றார் மச்சான், பின்னாலேயே வந்து. “அப்பால ஒடஞ்சா ஒடையட்டும். ஒட்ட மாட்டோம். மண்ணுன்னா மண்ணுக்குத்தான் போவும்.”

“ஒட்டினா இன்னா ஆவும்?”

“எவன் ஒட்டப் போறான்?” என்று சிரித்தார்.

நான் சிரிக்க முயன்றேன். “மச்சான், மொதல்ல பொங்கல் வெச்சிடலாமா? நேரமாவுது. தட்டுறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.”

“மொதல்ல புள்ள, அப்பால பொங்கல். நீ இன்னா, புதுசா முறையை மாத்துற?”

ஈரத் துண்டில் மண்பிள்ளையைச் சுற்றி நீட்டினேன். துணியோடு தட்டினால் சத்தம் தெரியாது என்று ஒரு கணக்கு. மச்சான் துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டார். உருவிவிட்டு, விரலை மடக்கினார்.

சத்தம்

தண்ணீர் குடித்து முடித்தேன். இனிமேல் குடிக்க சொம்பில் தண்ணீர் இல்லை.

மச்சான் தட்டினார்.

‘டொக்.’

காய்ந்த சுரைக்காய்கூட அதைவிட நன்றாகக் கேட்கும். மச்சானின் புருவம் சுருங்கியது. காதைக் கிட்டே வைத்து மறுபடி தட்டினார். மறுபடியும் அதே சத்தம். பஸ் டயரைக் கட்டையால் தட்டிப் பார்த்தே காற்று எவ்வளவு என்று சொல்கிற ஆள். அவரிடமா என் வித்தை பலிக்கும்? திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கு எதுவும் அகப்படவில்லை. பிறகு மூக்கருகே கொண்டுபோனார். பஸ் முழுக்கத் தினமும் எங்கள் சட்டையிலிருந்து வீசுகிற சொல்யூஷன் வாசனை அவருக்குத் தெரியாதா?

“மாப்ள...” என்றார்.

“ஒடஞ்சிருச்சி மச்சான்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “செவ்வாய்க்கிழமையே ஒடஞ்சிருச்சி. நான்தான் ஒட்டினேன்.”

சொல்லிவிட்டு ரேவதி பக்கம் திரும்பினேன். அழுவாள், என்னைத் திட்டுவாள், அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மண்பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் வயிற்றைப் பிடித்திருந்தன. அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“ஏங்க” என்றாள். “நேத்து சாயந்திரத்துல இருந்து அசையலங்க.”

“இன்னா அசையல?”

“கொழந்த. அசையவே இல்ல.”

முந்தைய நாள் சாயந்திரம் அவள் எனக்குச் சப்பாத்தி போட்டுக் கொடுத்தாள். சட்டைக்கு இஸ்திரி போட்டாள். ஆட்டோவில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்து வந்தாள். அவ்வளவு நேரமும் அதை வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“ஏன்டி சொல்லல?” என்று கத்திவிட்டேன்.

“இதே மாதிரின்னு போன வாரம் ரெண்டு வாட்டி ஆஸ்பத்திரிக்குப் போனோம், ஒண்ணும் இல்லன்னு நர்சம்மா திட்டி அனுப்பிச்சாங்க. நீங்க வேற அன்னிக்கு முழுக்க சாப்பிடல. சாமிக்கு வெச்சிட்டா அசைஞ்சிடும்னு நெனச்சேன்.” அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. “அந்தச் சத்தத்தக் கேட்டதும் எனக்கு வயிறே காலியா ஆன மாதிரி ஆயிடுச்சிங்க.”

மச்சான் மண்பிள்ளையைக் கன்னிமார் காலடியில் அப்படியே கிடத்திவிட்டு, வேட்டி மடிப்பிலிருந்து சாவியை எடுத்தார். “தூக்கு மாப்ள” என்றார்.

ஐம்பது சீட், மூன்று பேர்

இருவருமாக அவளைத் தாங்கிப் புளியமரம் வரை கொண்டுபோனோம். மச்சான் வேட்டியோடும் நெற்றி நிறைய விபூதியோடும் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் நாங்கள் மூன்றே பேர். மூன்று பேர் சீட்டில் ரேவதியைப் படுக்கவைத்து, விழுந்துவிடாமல் இருக்க நான் கீழே மண்டியிட்டுப் பிடித்துக்கொண்டேன்.

மெயின்ரோட்டில் மத்தியான ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் பையோடு நின்றிருந்தார்கள். பஸ் நிற்காமல் போவதைப் பார்த்துக் கையை ஆட்டினார்கள், கத்தினார்கள். ஒரு பெண் கொஞ்ச தூரம் பின்னாலேயே ஓடிவந்தாள். அடுத்த ஸ்டாப்பிலும் அதே கூத்து. மச்சான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. அன்று அத்தனை பேருக்கும் அரைநாள் சம்பளம் போனது. மச்சானுக்கு மெமோ கொடுத்தார்கள். அதைப் பற்றி இன்றுவரை அவர் என்னிடம் பேசியதில்லை.

ஆம்பூர் ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்த டாக்டரம்மா, “துடிப்பு இருக்கு, ஆனா ரொம்ப கம்மியாகுது” என்றார். “எப்பலேர்ந்து அசையல?” ரேவதி சொன்னாள். டாக்டரம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் தகுதியானவன்தான். பத்தாவது நிமிஷம் ஆபரேஷன் தியேட்டர் கதவைச் சாத்தினார்கள். தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்ததாம். இன்னும் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் என்று ஆரம்பித்த நர்ஸ், என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதியை முழுங்கிவிட்டார்.

எனக்கு அந்த ஒரு மணி நேரத்தின் கணக்கு தெரியும். மண்பிள்ளை கணீரென்று கேட்டிருந்தால், ரேவதி மனசு ஆறி, அடுப்பு மூட்டி, அந்த வெயிலில் பொங்கல் வைக்க உட்கார்ந்திருப்பாள். பால் பொங்கி, படைத்து, எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்ப இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும். பதினைந்து வருஷத்தில் என் கையில் கெட்டுப்போன ஒரே ரிப்பேர் அது.

பெண் குழந்தை. கண்ணாடிப் பெட்டிக்குள் பதினோரு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஜாஸ்தி. உங்களைத் தவிக்கவிட எனக்கு மனசில்லை, அதனால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் அன்று சாயந்திரம் அது எனக்குத் தெரியாதே.

என்னை மட்டும் உள்ளே விட்டுப் பிள்ளையைக் காட்டினார்கள். பார்த்துவிட்டு ரேவதியின் கட்டிலுக்கு வந்தேன். மயக்கம் பாதி தெளிந்து கிடந்தாள்.

“எப்டிங்க இருக்குது?”

‘சூப்பரா இருக்கா, உன்னை மாதிரியே மூக்கு’ என்ற பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதை முழுங்கினேன்.

“மூக்குல டியூப் போட்டிருக்காங்க” என்றேன். “என் ஒரு கை அளவுதான் இருக்குது. உதடு நீலமா இருக்கு. மூச்சு வேக வேகமா வாங்குது. எனக்கு ரொம்ப பயமா இருக்கு ரேவதி.”

அவள் ஊசி குத்தாத கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கும்தாங்க” என்றாள்.

கல்யாணமான ஆறு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து பயந்தது அன்றைக்குத்தான்.